கழிவுநீர்ச் சுத்திகரிப்பு: சிறு நகரங்கள் செலவை எவ்வாறு ஈடுசெய்கின்றன?

கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றிலோ கடலிலோ விடக்கூடாதென்று சட்டம் இயற்றுவது எந்த நாட்டிலும் அத்துணைச் சிரமமான காரியமன்று. அச்சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு ஒரு நகரசபையின் மீது வந்து விழும்போதுதான் சிரமம் தொடங்குகிறது. இலட்சக்கணக்கான மக்கள் வாழும் பெருநகரமாயின் செலவைப் பலர் பங்கிட்டுக்கொள்வர். ஆயிரம் வீடுகளே உள்ள சிற்றூராயின், அதே நிபந்தனைகளுக்கான செலவு முழுவதையும் அந்த ஆயிரம் வீடுகளே தாங்கவேண்டும். குழாய், நீரேற்றும் பம்பி, காற்றூட்டும் தொட்டி, ஆய்வுகூடப் பரிசோதனை, பயிற்சி பெற்ற இயக்குநர் ஆகியவற்றுக்கான செலவு மக்கள்தொகை குறையும் அதே விகிதத்தில் குறைவதில்லை.

இப்பிரச்சினையை ஆராய்வதற்கு ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்நாடு செல்வம் மிக்கது என்பது அதற்குக் காரணமல்ல. நேரடி மானியம், சலுகைக் கடன், பிணைமுறிகள், பாவனையாளர் கட்டணம், மாநிலம் தழுவிய வரி என, சிறு நகரமொன்று பணம் தேடக்கூடிய வழிகள் யாவற்றையும் அரை நூற்றாண்டுக் காலத்தினுள் பரீட்சித்துப் பார்த்த நாடு அது. எந்த வழி யாருக்குப் பயன்பட்டது, யாரைக் கைவிட்டது என்பதற்கான பதிவுகளும் அங்கு பகிரங்கமாகவே உள்ளன. குடாநாட்டின் சுண்ணக்கல் நிலக்கீழ் நீரைப் பற்றியும் கிழக்குக் கரையோர நகரங்களின் கிணறுகளைப் பற்றியும் கவலைப்படும் நமது வாசகர்களுக்கு இவை அந்நியமான விடயங்களாக இருக்கமாட்டா.

1969 ஜூன் மாதம் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் குயஹோகா ஆற்றின் மேற்பரப்பில் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பற்றி எரிந்தது. அந்த ஆறு அதற்கு முன்னரும் பல தடவைகள் எரிந்திருக்கிறது. எனினும் இம்முறை அது தேசிய மட்டத்தில் பேசுபொருளாகியது. இத்தகைய சூழ்நிலையிலேயே 1972 ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் உருவாகியது. ஜனாதிபதி நிக்ஸன், செலவு அளவுக்கு மிஞ்சியதெனக் கூறி ஒக்டோபர் 17 ஆம் திகதி அச்சட்டமூலத்தை நிராகரித்தார். மறுநாளே காங்கிரஸின் இரு சபைகளும் மூன்றில் இரண்டுக்கும் மேற்பட்ட வாக்குகளால் அந்த நிராகரிப்பைத் தள்ளிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றின.

அச்சட்டத்தில் இரண்டு அம்சங்கள் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. முதலாவது கட்டளை. எல்லா நகரங்களும் 1977 ஜூலை 1 ஆம் திகதிக்குள் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பை ஏற்படுத்தவேண்டும். அதாவது, திண்மங்களைப் படியவிடுவதோடு நிறுத்தாமல், நுண்ணங்கிகளைக் கொண்டு நீரிலுள்ள சேதனப் பொருட்களையும் சிதைக்கவேண்டும். வெளியேறும் நீரில் உயிர்வேதியியல் ஒட்சிசன் கேள்வியும் தொங்கல் திண்மங்களும் மாதச் சராசரியாக ஒரு லீற்றருக்குத் தலா 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என வரையறுக்கப்பட்டது. இரண்டாவது பணம். நிர்மாணச் செலவில் 75 சதவீதத்தைச் சமஷ்டி அரசாங்கம் மானியமாக வழங்கும். முதல் மூன்று ஆண்டுகளுக்கென 18 பில்லியன் டொலர் அனுமதிக்கப்பட்டது. இந்தப் பணத்தின் ஒரு பகுதியைப் பங்கீடு செய்யாமல் நிக்ஸன் நிர்வாகம் தடுத்துவைத்தபோது, நியூயோர்க் நகரம் வழக்குத் தொடர்ந்தது. 1975 பெப்ரவரியில் அமெரிக்க உயர் நீதிமன்றம், சட்டம் அனுமதித்த தொகையைக் குறைத்துப் பங்கிடும் அதிகாரம் நிர்வாகத்துக்கு இல்லையென்று தீர்ப்பளித்தது.

கட்டளையிடுபவரே பெரும்பங்குச் செலவையும் ஏற்கும் இந்த ஏற்பாடு, சிறு நகரங்களைப் பொறுத்தவரை ஒரு பொற்காலம் எனலாம். சிற்றூர்களுக்கு ஏற்ற எளிய தொழில்நுட்பங்களைக் கையாள்வோருக்கு 1977 ஆம் ஆண்டின் திருத்தம் 85 சதவீத மானியத்தைக்கூட வழங்கியது. குளங்களைப் போன்ற பரந்த நிலைப்படுத்தல் தொட்டிகளில் கழிவுநீரைத் தேக்கி, சூரிய ஒளியும் பாசியும் பற்றீரியாக்களும் அதைச் சுத்திகரிக்க விடும் முறை அங்குள்ள ஆயிரக்கணக்கான சிற்றூர்களுக்குப் போதுமானதாயிற்று. நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் இதைவிடச் சிக்கனமான முறை வேறில்லை. மொத்தத்தில் இந்த மானியத் திட்டத்தின் கீழ் 60 பில்லியன் டொலருக்கும் மேற்பட்ட தொகை செலவிடப்பட்டது.

குறைகளும் இல்லாமலில்லை. முக்கால் பங்கு பிறர் பணம் என்றவுடன், தேவைக்கு மிஞ்சிய பெரிய நிலையங்களைத் திட்டமிடும் மனப்பாங்கு பல இடங்களில் தலைதூக்கியது. கட்டுவதற்கு மானியம் கிடைத்தது, இயக்குவதற்குக் கிடைக்கவில்லை. மின்கட்டணத்தையும் சம்பளத்தையும் உள்ளூர் மக்களே செலுத்தவேண்டியிருந்தது. ஆடம்பரமாகத் திறந்துவைக்கப்படும் கட்டடங்கள் சில ஆண்டுகளில் பராமரிப்பின்றிக் கிடப்பதை நாமும் நம் ஊர்களில் கண்டிருக்கிறோம் அல்லவா?

1981 டிசெம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 1984 ஒக்டோபர் முதல் சமஷ்டியின் பங்கு 75 இலிருந்து 55 சதவீதமாகக் குறைந்தது. அடுத்து 1987 இல் மானியத் திட்டமே முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அந்தச் சட்டமூலத்தையும் செலவு அதிகமெனக் கூறி ஜனாதிபதி ரீகன் நிராகரித்தார். அதையும் காங்கிரஸ் மீறி நிறைவேற்றியது. மானியத்துக்குப் பதிலாக ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சுழற்சி நிதியம் அமைக்கப்பட்டது. சமஷ்டி அரசாங்கம் மூலதனம் வழங்கும்; மாநிலம் அதன் ஐந்திலொரு பங்குக்குச் சமனான தொகையைத் தன் பக்கத்திலிருந்து சேர்க்கும்; நகரங்கள் சந்தை வட்டிக்குக் குறைவாகக் கடன் பெறும்; அவை திருப்பிச் செலுத்தும் பணம் அடுத்த நகரத்துக்குக் கடனாகச் செல்லும்.

நிதி முகாமைத்துவ நோக்கில் இது சிறந்த யோசனையே. ஒரு டொலர் பல தடவைகள் பயன்படுகிறது. கடனைத் திருப்பிச் செலுத்தவேண்டியிருப்பதால் நகரங்களும் அளவறிந்து கட்டுகின்றன. ஆனால் 1972 ஆம் ஆண்டின் கட்டளை அப்படியே இருக்க, அதனோடு பிணைந்திருந்த பணம் மட்டும் கடனாக மாறிவிட்டது என்பதை மறந்துவிடலாகாது. காலக்கெடு 1977 இலிருந்து பல நகரங்களுக்கு 1988 வரை நீடிக்கப்பட்டது உண்மை. ஆயினும் அக்கெடு வந்தபோது இன்னமும் கட்டி முடிக்காதிருந்த நகரங்கள், முந்தியவை பெற்ற மானியத்தைப் பெறாமலே அதே நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டியவையாயின.

இதனை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். 800 வீடுகள் உள்ள ஓர் ஊருக்கு 8 மில்லியன் டொலர் செலவில் புதிய சுத்திகரிப்பு நிலையம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடொன்றுக்கு 10,000 டொலர். முழுத்தொகையையும் 5 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுக் கடனாகப் பெற்றால் ஒவ்வொரு வீடும் மாதம் ஏறத்தாழ 67 டொலர் செலுத்தவேண்டும். சுழற்சி நிதியத்தில் 2 சதவீத வட்டிக்குக் கிடைத்தால் அது 51 டொலராகக் குறையும். அதே வட்டிக்கு 40 ஆண்டுத் தவணை கிடைத்தால் 30 டொலர் அளவாகும். ஆனால் ஊர் மொத்தமாகத் திருப்பிச் செலுத்தும் தொகை 9.8 மில்லியனிலிருந்து 11.7 மில்லியனாக உயரும். பம்பிகளும் காற்றூட்டும் இயந்திரங்களும் அந்த 40 ஆண்டுகளும் உழைக்கப்போவதில்லை. முதல் இயந்திரத்துக்கான கடன் தீருமுன்னரே இரண்டாவது இயந்திரம் வாங்கவேண்டிவரும். மாறாக, கடனின் பாதி தள்ளுபடியானால் 20 ஆண்டுத் தவணையிலேயே மாதச் சுமை 26 டொலருக்குள் அடங்கும். இவற்றில் எதிலும் நிலையத்தை இயக்கும் செலவு சேர்க்கப்படவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் மிகுந்த ஊரொன்றில் 26 டொலருக்கும் 67 டொலருக்கும் உள்ள வித்தியாசம் சிறியதல்ல.

நகரங்களின் முன்னால் வேறு வாயில்களும் உள்ளன. நகரசபைகளின் பிணைமுறிகளுக்குக் கிடைக்கும் வட்டிக்குச் சமஷ்டி வருமான வரி இல்லையாதலால் அவை குறைந்த வட்டிக்கு விற்பனையாகின்றன. ஆனால் சிற்றூர் ஒன்று தனித்து வெளியிடும் சிறு தொகைப் பிணைமுறியை வாங்குவோர் அரிது. சட்டத்தரணி, மதிப்பீட்டு நிறுவனம் ஆகியோருக்கான கட்டணமே கணிசமான பங்கை விழுங்கிவிடும். எனவேதான் சில மாநிலங்கள் பல சிற்றூர்களின் தேவைகளை ஒன்றுதிரட்டிப் பொதுவாகப் பிணைமுறி வெளியிடும் வங்கிகளை அமைத்தன. 10,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கென அமெரிக்க விவசாயத் திணைக்களம் தனியாக ஒரு திட்டத்தை நடத்துகிறது. 40 ஆண்டு வரையிலான கடனும், வருமானம் குறைந்த ஊர்களுக்குச் செலவின் 75 சதவீதம் வரையிலான மானியமும் அதில் கிடைக்கலாம். சிறு நகரங்களுக்கு இதுவே உண்மையான அடைக்கலம் என்பது எமது அபிப்பிராயம்.

இருந்தும் வாயில் திறந்திருப்பது வேறு, உள்ளே செல்ல முடிவது வேறு. விண்ணப்பத்துக்குப் பொறியியல் அறிக்கை வேண்டும். சூழல் ஆய்வு வேண்டும். கணக்காய்வு செய்யப்பட்ட நிதி அறிக்கைகள் வேண்டும். பெருநகரத்தில் இவற்றுக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. சிற்றூரில் பகுதிநேர எழுதுவினைஞர் ஒருவரும், காலையில் வீதியைத் திருத்தி மாலையில் கழிவுநீர்த் தொட்டியைப் பார்வையிடும் ஊழியர் ஒருவரும் இருப்பர். விண்ணப்பிப்பதற்கான செலவையே தாங்க இயலாத ஊர், மானியத்துக்குத் தகுதி பெற்றிருந்தும் அதைப் பெறாமல் போகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கழிவுநீரை வெளியேற்றுவதற்கான அனுமதிப்பத்திரம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. கடனோ இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கானது. விஞ்ஞான அறிவு வளர வளர நிபந்தனைகளும் இறுகுகின்றன. முன்னர் சேதனப் பொருட்களைக் குறைத்தால் போதும் என்றார்கள். பின்னர் மீன்களுக்கு நஞ்சாகும் அமோனியாவையும், பாசிப் பெருக்கத்துக்குக் காரணமாகும் நைதரசனையும் பொசுபரசையும் அகற்றுமாறு கூறினார்கள். 2013 இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அமோனியா பற்றிய தனது அளவுகோலை மேலும் இறுக்கியது. குளிர்காலத்தில் நுண்ணங்கிகள் மந்தமாகிவிடும் திறந்த தொட்டிகளால் அந்த அளவை எட்டுவது கடினம். ஆகவே, பழைய கடனைச் செலுத்திக்கொண்டிருக்கும் ஊர் புதிய கடனுக்கும் விண்ணப்பிக்க நேர்கிறது. நிபந்தனைகள் தவறானவை என்று நாம் கூறவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் குடிநீர் எடுப்பவருக்கும் மீன் பிடிப்பவருக்கும் அவை அவசியமானவை. ஆனால் நன்மை பெறுபவர் கீழே இருக்க, செலவு செய்பவர் மேலே இருக்கிறார் என்பதே இதிலுள்ள முரண்பாடு.

இம்முரண்பாட்டுக்கு நேர்மையான விடையொன்றைக் கண்ட மாநிலமாக மேரிலாந்தைக் குறிப்பிடலாம். செஸபீக் விரிகுடாவின் நண்டும் சிப்பியும் மீனும் அம்மாநிலத்தின் வாழ்வாதாரங்களுள் அடங்குவன. நைதரசனும் பொசுபரசும் அங்கு வந்து சேர்வதால் ஒட்சிசன் அற்ற நீர்ப்பரப்புகள் தோன்றின. 2004 இல் அம்மாநிலம் ஒரு நிதியத்தை ஏற்படுத்தி, ஒவ்வொரு வீட்டிடமிருந்தும் மாதம் 2.50 டொலர் வீதம் அறவிடத் தொடங்கியது. கழிவுநீர்க் குழாயில் இணைந்த வீடுகள் மட்டுமன்றி, சொந்த மலக்குழி வைத்திருப்போரும் ஆண்டுக்கு 30 டொலர் செலுத்தவேண்டியதாயிற்று. மக்கள் இதனை 'மலசலகூடத் தண்ணீர் வரி' என்ற பொருள்படக் கேலியாக அழைத்தனர். அந்தப் பணத்தைக் கொண்டு மாநிலத்தின் 67 பெரிய சுத்திகரிப்பு நிலையங்களும், நைதரசனை லீற்றருக்கு 3 மில்லிகிராமாகவும் பொசுபரசை 0.3 மில்லிகிராமாகவும் குறைக்கும் தரத்துக்கு உயர்த்தத் திட்டமிடப்பட்டு, அப்பணி பெரும்பாலும் நிறைவேறியுள்ளது. மலக்குழி உரிமையாளரிடம் அறவிட்ட பணத்தின் பெரும்பகுதி மலக்குழிகளைத் தரமுயர்த்துவதற்கே சென்றது. 2012 இல் பெரும்பாலான வீடுகளுக்கான கட்டணம் இரட்டிப்பாக்கப்பட்டது. வரியைத் தொடங்கியவர் குடியரசுக் கட்சி ஆளுநர். இரட்டிப்பாக்கியவர் ஜனநாயகக் கட்சி ஆளுநர். கட்சி அரசியலைக் கடந்து அந்த ஏற்பாடு நிலைபெற்றதற்கு, பணம் எதற்குச் செல்கிறதென்று மக்களால் பார்க்க முடிந்தமை ஒரு காரணமாகும்.

இதற்கு நேர்மாறான கதை அலபாமா மாநிலத்தின் ஜெபர்சன் மாவட்டத்துடையது. பெர்மிங்ஹாம் நகரம் உள்ளடங்கிய அம்மாவட்டத்தில் ஆறரை இலட்சம் அளவிலான மக்கள் வாழ்கின்றனர். ஆகவே அதனைச் சிறு நகரமெனக் கூறமுடியாது. ஆனால் கடன் வழி எங்கே கொண்டுபோய் விடலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை. ஆறுகளில் கழிவுநீர் கலப்பது தொடர்பான வழக்கில், 1996 இல் நீதிமன்றத்தின் முன்னிலையில் செய்துகொண்ட இணக்கத்தின்படி குழாய்த் தொகுதியைத் திருத்த அம்மாவட்டம் உடன்பட்டது. செலவு பெருகியது; ஒப்பந்தங்களில் இலஞ்சம் புகுந்தது; மாவட்ட ஆணையாளர்கள் பலர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். நிலையான வட்டிக் கடன்கள் மாறும் வட்டிக் கடன்களாகவும், சிக்கலான வட்டி வீத மாற்று ஒப்பந்தங்களாகவும் மாற்றப்பட்டன. 2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் அவ்வொப்பந்தங்கள் தலைகீழாயின. 3 பில்லியன் டொலருக்கு மேற்பட்ட கழிவுநீர்க் கடனுடன் 2011 நவம்பரில் அம்மாவட்டம் வங்குரோத்து மனு தாக்கல் செய்தது. 2013 டிசெம்பரில் அதிலிருந்து மீண்டபோது கடன் வழங்கியோர் ஒரு பகுதியை இழந்தனர். பாவனையாளர்களோ பல ஆண்டுகளுக்கு உயர்ந்துகொண்டே செல்லும் கட்டணத்தை ஏற்றுக்கொண்டனர்.

கடன் பெறும் நிலையிலேயே இல்லாதவர்களின் கதை இதைவிட வேதனையானது. அதே அலபாமாவில் லவுண்டஸ் என்னும் மாவட்டம் இருக்கிறது. ஏறக்குறைய பத்தாயிரம் பேர், பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள், பலர் வறியவர்கள். அங்குள்ள களிமண் நீரை உறிஞ்சாததால் சாதாரண மலக்குழிகள் பயன்தருவதில்லை. மண்மேடு அமைத்துச் செய்யப்படும் குழிகளுக்குப் பத்தாயிரக்கணக்கான டொலர் தேவை. ஆதலால் பல வீடுகளிலிருந்து மலசலகூடக் கழிவு குழாய் வழியாக நேரே வளவுக்குள் சென்று தேங்குகிறது. உரிய குழி இல்லையென்பதற்காக இம்மக்கள் மீது குற்றவியல் நடவடிக்கை எடுக்கவும் சட்டம் இடமளித்தது. வறுமையைக் குற்றமாக்கும் இந்நிலையைக் குறித்து, அம்மாவட்டத்தைச் சேர்ந்த செயற்பாட்டாளர் கதரின் கோல்மன் பிளவர்ஸ் நீண்ட காலமாகக் குரலெழுப்பி வந்தார். 2017 டிசெம்பரில் ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் நேரில் சென்று பார்வையிட்டார். 2023 மே மாதம் அமெரிக்க நீதித் திணைக்களம் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்துடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. குற்றவியல் நடவடிக்கைகளை நிறுத்தவும் நிவாரணத் திட்டம் வகுக்கவும் அது வழிசெய்தது. 2025 ஏப்ரலில், இனச் சமத்துவம் சார்ந்த ஏற்பாடுகளை இனி முன்னெடுப்பதில்லை என்ற கொள்கையைக் காட்டி டிரம்ப் நிர்வாகம் அவ்வுடன்படிக்கையை முடிவுறுத்தியது.

வறிய ஊர்களுக்குக் கடன் மட்டும் போதாதென்பதை அமெரிக்க அரசாங்கங்களும் ஓரளவு உணர்ந்தே வந்துள்ளன. 2009 ஆம் ஆண்டின் பொருளாதார மீட்புச் சட்டம் சுழற்சி நிதியங்களுக்கு 4 பில்லியன் டொலரை வழங்கி, அதில் பாதியையேனும் கடன் தள்ளுபடியாகவோ மானியமாகவோ கொடுக்குமாறு பணித்தது. 2021 ஆம் ஆண்டின் உட்கட்டமைப்புச் சட்டம், 2022 முதல் 2026 வரையான ஐந்து நிதியாண்டுகளுக்கு 11.7 பில்லியன் டொலரை ஒதுக்கி, அதில் 49 சதவீதத்தை அவ்வாறே திருப்பிச் செலுத்தத் தேவையற்றதாக்கியது. சுற்றிவளைத்துப் பார்த்தால், 1987 இல் கைவிடப்பட்ட மானியம் வேறு பெயரில் பாதியளவு திரும்பி வந்திருக்கிறது. அதேவேளை, 2022 முதல் காங்கிரஸ் உறுப்பினர்கள் தத்தம் தொகுதித் திட்டங்களுக்கென இந்த நிதியங்களின் வருடாந்த ஒதுக்கீட்டிலிருந்தே கணிசமான பகுதியை வெட்டியெடுத்தும் வருகின்றனர். அவ்வாறு செல்லும் பணம் சுழற்சிக்குத் திரும்புவதில்லை.

நமது நாட்டுக்கு வருவோம். குழாய்வழிக் கழிவுநீர்த் தொகுதி இலங்கை மக்களுள் மிகச் சிறு பங்கினருக்கே கிடைக்கிறது. ஏனையோர் மலக்குழிகளையே நம்பியுள்ளனர். யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல் வெடிப்புகளினூடாகவும், காத்தான்குடி போன்ற நெருக்கமான கரையோர நகரங்களில் மணலினூடாகவும் அக்குழிகளின் நீர் கிணற்றைச் சென்றடைகிறது. இந்நகரங்களுக்குச் சுத்திகரிப்புத் திட்டங்கள் தேவை என்பதில் விவாதம் இல்லை. இதுவரை இந்நாட்டில் அமைந்த பெரும் திட்டங்கள் வெளிநாட்டுக் கடனுதவியில் கட்டப்பட்டவை. கண்டி நகரத் திட்டத்துக்கு ஜப்பான் கடன் வழங்கியதை உதாரணமாகக் கூறலாம். 2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியபோது, அத்தகைய நிதியில் நடைபெற்ற பல திட்டங்கள் இடைநடுவில் நின்றன.

கடனை அரசாங்கம் பெற்றாலும், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை பெற்றாலும், நிலையம் இயங்கத் தொடங்கிய மறுநாள் முதல் மின்கட்டணப் பட்டியல் வரும். பிரதேச சபையின் சோலைவரி வருமானம் எவ்வளவென்பதை வாசகர்கள் அறிவர். உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கடன் வழங்கவென நம்மிடமும் உள்ளூர்க் கடன், அபிவிருத்தி நிதியம் என ஒன்று நெடுங்காலமாக உள்ளது. அதனைச் சுழற்சி நிதியமாக விரிவுபடுத்துவதா, மேரிலாந்தைப் போன்று மாகாணம் முழுவதிலும் மலக்குழி உரிமையாளர் உட்பட அனைவரிடமும் சிறு கட்டணம் அறவிடுவதா, பவுசரில் ஏற்றிச்செல்லும் மலக்கழிவுக்கான சிறிய சுத்திகரிப்பு நிலையங்களோடு முதலில் ஆரம்பிப்பதா என்பவை மாகாண சபைகளும் உள்ளூராட்சி மன்றங்களும் பொறியியலாளரை அழைக்கும் முன்னர் கணக்காளரை அருகில் வைத்துக்கொண்டு ஆராயவேண்டிய விடயங்களாகும். அந்த ஆராய்வில் வீடொன்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்ற எண்ணிக்கை முதற்பக்கத்திலேயே இடம்பெற வேண்டுமென்பது எமது கோரிக்கை.